இலவச பஸ் வந்தாச்சு, இனி சங்கம் எதுக்கு?

26 பிப்ரவரி 2023, காலை. கேள்வி, அறந்தாங்கித் தம்பி ஒருத்தர்கிட்டேருந்து:

"பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீ. ப்ளஸ் ஒன் போனா சைக்கிள் ஃப்ரீ. குழு லோன் வேற இருக்கு. எல்லாத்தையும் கவர்மெண்டே செய்யுது. இன்னமும் சங்கம், இயக்கம்னு ஆள் சேத்துக்கிட்டு திரியறதுல என்ன பிரயோஜனம்? எங்கம்மா ஒரு கூட்டத்துக்கும் போனதில்ல, ஒண்ணும் குறைஞ்சு போகல. ஆள் சேந்ததால மாறுச்சுன்னு உருப்படியா ஒரு உதாரணம் சொல்லுங்க பாப்போம்."

26 பிப்ரவரி, ராத்திரி

தம்பி, உங்கம்மாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா? தெரியும்னா எந்த வருசம், எங்க வச்சு, யார்கிட்ட கத்துக்கிட்டாகன்னு கேட்டுட்டு வாங்க. அப்பறம் பேசுவோம்.

27 பிப்ரவரி

"தெரியுமாம், அறிவொளி நடந்தப்ப பொட்டல்ல வச்சு சொல்லிக் குடுத்தாங்களாம்"னு தம்பி பதில் போட்டுருக்காரு. ஒரு கூட்டத்துக்கும் போகாத அம்மா! சரி, கிண்டல் பண்ணல, இன்னைக்கு நாப்பத்தஞ்சு அம்பது வயசுல இருக்குற புதுக்கோட்டை ஜில்லா பொம்பளைங்கள்ல நெறைய பேருக்கு இது ஞாபகத்துலயே இல்ல, ஏதோ தானா வந்தது மாதிரி நெனச்சுக்கறாங்க. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமை இல்லாதவங்க தாண்டிப் போயிருங்க.

1991ல எங்க மாவட்டத்துல, படிக்காத பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்குற அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி கேரளாவுல எர்ணாகுளம் 1990லயே முழு எழுத்தறிவு மாவட்டம்னு அறிவிச்சாச்சு, அந்த சூடு இங்கயும் பரவுச்சு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரங்க, வாத்தியாருங்க, காலேஜ் படிச்சுட்டு வேலையில்லாம இருந்த பசங்க, அப்பறம் என்னை மாதிரி பத்தாவதோட வீட்டுல உக்கார வச்ச பொண்ணுங்க, இவங்கதான் தொண்டருங்க. சம்பளம் கிடையாது, ஒத்தப் பைசா கிடையாது. ராத்திரி சாப்பாடு முடிஞ்சு பாத்திரம் கழுவி வச்சப்பறம்தான் பொம்பளைங்க வருவாங்க, ஒரு அரிக்கேன் விளக்கு, சிலேட்டு, மடியில ஒரு புள்ள. பாதி பேர் தூங்கி விழுவாங்க, பகல் பூரா நடவு நட்டுட்டு வந்தவங்க வேற என்ன பண்ணுவாங்க.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா, பத்து ஊருக்கு ஒரு பொறுப்பாளர், அவங்க ஊர் ஊரா போயி வகுப்பு மையம் நடக்குதான்னு பாக்கணும், ஆனா பஸ்ஸு காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. ஆம்பளைத் தொண்டருங்க சைக்கிள்ல போயிருவாங்க. பொம்பளைங்க? யாராவது அண்ணன் தம்பி பின்னாடி உக்கார வச்சு கூட்டிட்டுப் போகணும், அவருக்கு நேரம் இருந்தாத்தான் எழுத்தறிவு. அப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் இதைப் பாத்துட்டு, தொண்டர் பொண்ணுங்க சைக்கிள் கத்துக்கட்டும்னு இதையும் இயக்கத்தோட வேலையா சேத்தாங்க. நல்லா கவனிங்க, பெண் விடுதலைன்னு பேனர் கட்டி ஆரம்பிச்சது இல்ல, வேலை நடக்கணும்னு ஆரம்பிச்சது. தொண்டருங்க கத்துக்கிட்டதைப் பாத்து, அவங்ககிட்ட அ ஆ படிச்சுக்கிட்டு இருந்த பொம்பளைங்க "ஏத்தா, எங்களுக்கு மட்டும் காலு இல்லையா"ன்னு கேட்டாங்க. அங்கதான் கதை கைய மீறிப் போச்சு.

ஞாயித்துக்கெழமை பொட்டல்ல போயி பாக்கணும். கொசுவத்தை இழுத்து சொருகிக்கிட்டு, பாதிப் பேரு குரங்கு பெடல். பெரும்பாலும் ஜென்ட்ஸ் சைக்கிள், பார் இருக்குற வண்டி, ஏன்னா வீட்ல இருந்தது அதுதான். விழுவாங்க, முழங்கை சிராயும், மஞ்சளை அப்பிக்கிட்டு திரும்ப ஏறுவாங்க. சுத்தி நின்னு பாக்குற ஆம்பளைங்க வாயில வராத பேச்சு கிடையாது, இங்க எழுத முடியாது. ஒரு பெருசு, பொட்டச்சி காலை விரிச்சு வண்டி ஓட்டுனா கம்மாய் நெறையாதுன்னு ஊர்க்கூட்டத்துல சொன்னாரு. கம்மாய் அது பாட்டுக்கு சில வருசம் நெறைஞ்சுது, சில வருசம் காஞ்சுது.

எனக்கு அப்ப புரியாம இப்ப புரியுற விசயம் ஒண்ணு. எங்க தெருவுல ஒரு டீச்சரம்மா ஏற்கனவே சைக்கிள் ஓட்டுவாங்க, வெளியூர்லேருந்து மாத்தலாகி வந்தவங்க. ஊர்ல அவங்களைப் பத்திப் பேசாத பேச்சு இல்ல, எங்க போறா, யாரைப் பாக்கப் போறா, ஏன் லேட்டா வர்றா. அதே ஊர்ல நாப்பது பொம்பளைங்க ஒரே நேரத்துல சைக்கிள்ல போனப்ப அந்தக் கேள்வியை யார்கிட்ட கேக்குறதுன்னே ஊருக்குத் தெரியல. நாப்பது பேர்ல ஒருத்தி பேசுறவரோட சொந்தப் பொண்டாட்டியா இருந்தா? வாய மூடிட்டாங்க. தம்பி கேட்ட உதாரணம் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

27 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

ஒருத்தர் கீழ எழுதிருக்காரு, அப்பவே சைக்கிள் ஃப்ரீயாதானே குடுத்தாங்கன்னு. இல்லைங்க. பேங்க்ல கடன் போட்டு வாங்குனது, அந்தக் கடனைக் குடுக்கச் சொல்லி பேங்க்காரங்களை நெருக்குனதுல கலெக்டருக்கு பங்கு உண்டு. ஸ்கூல் புள்ளைங்களுக்கு இலவச சைக்கிள் 2001ல வந்துச்சு, மொதல்ல எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்கு மட்டும், 2005லதான் எல்லாருக்கும். அதுக்குப் பத்து வருசம் முன்னாடியே இங்க பொம்பளைங்க தவணை கட்டி வண்டி வாங்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கடையில கிடைக்காம தட்டுப்பாடே வந்துச்சு. எங்க சின்னம்மா ஜென்ட்ஸ் வண்டிதான் வேணும்னு நின்னாக, பார்ல ஒரு புள்ள, கேரியர்ல ஒரு புள்ள, ஹேண்டில்ல குடம். லேடீஸ் சைக்கிள்ல புள்ளைய எங்க வைக்கிறதாம்.

1 மார்ச்

"அது கலெக்டரோட சாதனை, அதுக்கு ஏன் இயக்கம்னு பேர் வைக்கிறீங்க"ன்னு கீரனூர்க்காரர் கேட்டுருக்காரு. நியாயமான கேள்வி, ரெண்டு நாளா இதையேதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

கலெக்டர் இல்லாம நடந்துருக்காது, ஒத்துக்கறேன். ஜீப்பு, ஆர்டர், பேங்க் மேனேஜருக்கு போன், இதெல்லாம் நம்ம கையில இல்ல. ஆனா ஒரு கலெக்டர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? வீடு வீடா போயி மாமியாருகிட்ட கெஞ்சி மருமகளைக் கூட்டிட்டு வந்தது தொண்டருங்க. ஒருங்கிணைப்பாளரா இருந்த கண்ணம்மாள் மாதிரி ஆளுங்க ஊர் ஊரா நின்னு நடத்துனாங்க. கலைக்குழு வந்து தெருவுல நாடகம் போடும், நாடகம் முடிஞ்ச கையோட அங்கயே பேர் எழுதுவாங்க. 1992 ஆகஸ்ட்ல புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டம்னு அறிவிச்சப்ப எங்க ஊர்ல கைநாட்டு வச்சா கேவலம்னு ஆயிருந்துச்சு, ரேஷன் கடையில கூட பேனாவைப் புடுங்கி எழுதுவாங்க. (எழுத்து கோணல் மாணலாத்தான் இருக்கும், அது வேற.) ஆர்டர் போட்டு அந்த ரோசத்தை வர வைக்க முடியாது.

ஆனாலும் கீரனூர்க்காரர் கேட்டதுல ஒரு முள்ளு இருக்கு. கலெக்டர் மாத்தலாகிப் போனப்பறம் எது நின்னுச்சு, எது விழுந்துச்சு? குவாரி கதையை எழுதணும் அதுக்கு. இன்னைக்கு முடியாது, வீட்ல விருந்தாளி.

4 மார்ச்

குவாரி.

குடுமியான்மலை பேரைச் சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு கோயிலும் பாறையில வெட்டுன சங்கீதக் கல்வெட்டும்தான் தெரியும். எங்களுக்கு அந்தப் பக்கம்னாலே கல்லு உடைக்கிற சத்தம். எங்க சின்னம்மா கல்யாணம் ஆகிப் போனது அந்தப் பக்கம்தான், புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் குவாரி வேலை. கான்ட்ராக்டர்கிட்ட கல்யாணச் செலவுக்கு அட்வான்ஸ் வாங்குனது, அந்த அட்வான்ஸ் தீர்ற வரைக்கும் வேற எங்கயும் வேலைக்குப் போகக் கூடாது, அது தீரவே தீராது. கணக்கு நோட்டு அவன் கையில, படிக்கத் தெரியாதவங்ககிட்ட எவ்வளவு பாக்கின்னு சொல்றானோ அதுதான் பாக்கி. கொத்தடிமைன்னு சட்டத்துல பேரு, 1976லயே சட்டம் வந்தாச்சு. எங்க ஊர்ல அதுக்குப் பேரு "அட்வான்ஸ்ல இருக்காக".

அறிவொளி வந்த சமயத்துல அரசாங்கப் புறம்போக்குல இருந்த குவாரிகளை கான்ட்ராக்டருக்குப் பதிலா பொம்பளைங்க குழுவுக்கே குத்தகைக்கு விட்டாங்க. 4,000 பேர் கிட்ட அதுல இருந்தாங்க. நெனச்சுப் பாருங்க, நேத்து வரைக்கும் அட்வான்ஸ்ல இருந்தவ இன்னைக்கு குத்தகைதாரர். சின்னம்மா குழுவுல லாரி வந்தா டேப்பு புடிச்சு அளக்குறது சின்னம்மாதான். ஒரு யூனிட்டுன்னா 100 கன அடி, நீளம் அகலம் உயரம் பெருக்கணும், ராத்திரி வகுப்புல படிச்ச பெருக்கல் இங்க வந்து உக்காந்துச்சு. முன்னாடியெல்லாம் லாரிக்காரன் பலகைய ஒன்றரைச் சாண் தூக்கிக் கட்டிட்டு அதே யூனிட்டுன்னு காசு குடுப்பான். சின்னம்மா அந்தப் பலகைய கழட்டச் சொன்ன அன்னைக்கு டிரைவர் முறைச்ச முறைப்பை நடிச்சுக் காட்டுவாக, வீட்ல எல்லாருக்கும் வயிறு வலிக்கும். அந்தக் காலத்துலதான் அவுக புள்ளைங்க ஸ்கூலுக்குப் போனது, அவுக சைக்கிள் வாங்குனதும் அந்தக் காசுலதான்.

அப்பறம்? அதிகாரிங்க மாறுனாங்க. குத்தகை புதுப்பிக்கப் போனா இன்னைக்கு வா நாளைக்கு வா. பழைய கான்ட்ராக்டருங்க சும்மா இருப்பாங்களா, அவங்களுக்கு லாரிக்காரன் சொந்தம், ஆபீஸ் சொந்தம், அரசியல்ல ஆள் சொந்தம். லோடு எடுக்க வண்டி வராது. கல்லு உடைச்சுக் குவிச்சு வச்சுட்டு உக்காந்துருப்பாங்க. ஒண்ணொண்ணா கை மாறிப் போச்சு. அப்பறம் கிரஷர் வந்துச்சு, கையால ஜல்லி உடைக்கிற வேலையே சுருங்கிப் போச்சு.

சைக்கிள் நின்னுச்சு, குவாரி நிக்கல. ஏன்? என் புத்திக்கு எட்டுனது, பொம்பளை சைக்கிள் ஓட்டுனா ஆம்பளைக்கு கௌரவம்தான் போகும், காசு போகாது. கௌரவம் ஆறு மாசத்துல பழகிரும். குவாரியில ஒருத்தனோட வருமானம் போச்சு, அவன் பழகிக்க மாட்டான், காத்துக்கிட்டு இருந்தான். அவனை எதுத்து நிக்கிறதுக்கு கலெக்டர் தயவு பத்தாது, வருசா வருசம் ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கிற சங்கம் வேணும், லாரி தர வேற ஆள் வேணும், கேஸ் போட வக்கீல் வேணும். எழுத்தறிவுக்குன்னு சேந்த கூட்டம் அதுக்கு தயாரா இல்ல. இதுதான் கீரனூர்க்காரருக்கு என் பதில், அவருக்கு சாதகமா பாதகமான்னு அவரே முடிவு பண்ணிக்கட்டும்.

8 மார்ச்

மகளிர் தினம். எங்க ஆபீஸ்ல கோலப்போட்டி. பரிசு இட்லி குக்கர். நான் கலந்துக்கல, ஆனா குக்கர் நல்ல கம்பெனி, மனசு கொஞ்சம் அடிச்சுக்கிச்சு.

1992ல இதே நாள்ல புதுக்கோட்டை டவுனுக்குள்ள 1,500 பொம்பளைங்க சைக்கிள்ல வந்தாங்க, ஹேண்டில்ல கொடி, மணி அடிச்சுக்கிட்டே. மேல ராஜ வீதியில கடைக்காரங்க எல்லாம் வெளிய வந்து நின்னு பாத்தாங்க. அதுக்கப்பறம் ஊர் ஊருக்கு நடந்த போட்டி, ஓட்டிக் காட்டுற நிகழ்ச்சியில மொத்தம் 70,000 பேர் ஓட்டிக் காட்டுனாங்கன்னு கணக்கு. மாவட்டத்தோட மொத்த ஜனத்தொகையே அப்ப பதிமூணு லட்சம் சொச்சம்தான், அதுல பொம்பளைங்க பாதி, அதுல கெழவிங்களையும் கைக்குழந்தைங்களையும் கழிச்சுட்டுப் பாருங்க.

இன்னொண்ணு. முத்துலட்சுமி ரெட்டி எங்க ஊர்க்காரவுக, 1886ல பொறந்தவுக. மகாராஜா காலேஜ்ல பொண்ணைச் சேக்கக் கூடாதுன்னு ஊர் எதுத்தப்ப ராஜாவே அனுமதி குடுத்துதான் சேந்தாக. பெருமைதான், சந்தேகமே இல்ல. ஆனா அந்த அனுமதி ஒரு பொண்ணுக்குக் கிடைச்சது. எங்கம்மா 1960கள்ல மூணாவதோட நின்னாக, அதே புதுக்கோட்டையிலேருந்து இருவது மைல் கூட இல்லாத ஊர்ல.

10 மார்ச்

நெல்லூர் பத்தி ஒருத்தர் ஞாபகப்படுத்துனாரு, சரியான இடத்துல ஞாபகப்படுத்துனாரு. ஆந்திராவுல நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமம், அங்கயும் இதே மாதிரி எழுத்தறிவு வகுப்புதான். பாடப் புத்தகத்துலயே சாராயத்தால குடும்பம் கெட்ட கதை ஒண்ணு இருந்துச்சு. படிச்ச பொம்பளைங்க, ரோசம்மான்னு ஒருத்தவங்க முன்னாடி நின்னு, எழுத்துக் கூட்டிப் படிச்சதோட நிக்காம நேரா போயி சாராயக் கடைய மூட வச்சாங்க. 1992ல அது ஜில்லா பூரா பரவி, 1993 அக்டோபர்ல ஆந்திரா பூரா சாராயத்துக்குத் தடை. 1995 ஜனவரியில முழு மதுவிலக்கு. 1997ல அதை எடுத்தாச்சு, கஜானா காலின்னு காரணம்.

குவாரி மாதிரியேதான். யாரோ ஒருத்தர் பாக்கெட்டு குறைஞ்சா அது திரும்பி வரும், இங்க அந்த ஒருத்தர் அரசாங்கமே. டாஸ்மாக் பத்தி நான் வாயத் தொறக்கல, தொறந்தா இந்தப் பேச்சு இன்னைக்கு முடியாது.

15 மார்ச்

நாலஞ்சு நாளா எழுதலாமா வேணாமான்னு இருந்தேன். இவ்வளவு பெருமை பேசிட்டு இதை விட்டா சரியா இருக்காது.

வேங்கைவயல். போன டிசம்பர்ல தலித் மக்கள் குடிக்கிற தண்ணித் தொட்டியில மலத்தைக் கலந்த ஊர். அது அன்னவாசல் ஒன்றியம். குடுமியான்மலையும் அன்னவாசல் ஒன்றியம்தான். நான் மேல எழுதுன சைக்கிளும் சிலேட்டும் எல்லாம் இதே மண்ணுலதான். கலெக்டர் கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேயும் போயி விசாரிச்சப்ப டீக்கடையில ரெட்டை டம்ளர் இருந்துச்சு, அய்யனார் கோயிலுக்குள்ள அந்த மக்கள் போனதே இல்லைன்னு தெரிஞ்சு கையோட உள்ள கூட்டிட்டுப் போனாங்க. 2022 டிசம்பர்ல. 2023 ஜனவரியில கேஸ் சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போச்சு.

முப்பது வருசம் முன்னாடி முழு எழுத்தறிவு வாங்குன மாவட்டம்.

அறிவொளி மையம் எல்லாம் தெரு வாரியாத்தான் இருந்துச்சு. காரணம் சொன்னா நியாயமாத்தான் இருக்கும், ராத்திரியில பொம்பளைங்க ரொம்ப தூரம் நடக்க முடியாது, அவங்கவங்க தெருவுல விளக்கு வைப்போம்னு. விளைவு என்னன்னா ஊருக்கு ஒரு மையம், காலனிக்கு ஒரு மையம். ஒரே புத்தகத்தை ரெண்டு விளக்குல படிச்சாங்க. காலனி மையத்துக்கு ஊர்த் தெருவுலேருந்து தொண்டர் போனதுண்டு, அதுவே அப்ப பெரிய சண்டை, ஒரு அண்ணனை வீட்டுக்குள்ள சேக்காம திண்ணையிலயே சோறு போட்டாக. ஆனா காலனி பொம்பளைங்க ஊருக்குள்ள வந்து உக்காந்து படிச்சதை எங்க பக்கத்துல நான் பாக்கல.

சைக்கிள் பொட்டல் மட்டும் பொதுவா இருந்துச்சு. வண்டி கம்மி, ஆள் அதிகம், ஒரே வண்டியில மாத்தி மாத்தித்தான் ஏறணும். விழுந்தா யாரு பக்கத்துல நிக்கிறாங்களோ அவங்கதான் தூக்கி விடணும், அந்த நேரத்துல தெரு கேக்க நேரமில்ல. அதுல எனக்கு இப்பவும் சந்தோசம்தான். ஆனா ஒரு வீட்டுல, யாரு வீடுன்னு சொல்லல, சாயங்காலம் வண்டி திரும்பி வந்ததும் தண்ணி ஊத்திக் கழுவித்தான் உள்ள ஏத்துவாக. வாரா வாரம் கழுவுனாக. வாரா வாரம் குடுத்தாக, அதையும் சொல்லணும்.

இதுல என்ன கத்துக்கறதுன்னு ரொம்ப யோசிச்சேன். பொம்பளைங்கிற பேர்ல கூட்டம் சேந்துச்சு, அந்தத் தடையை உடைச்சுது. சாதிங்கிற பேரைச் சொல்லி அந்தக் கூட்டம் ஒரு தடவை கூட பேசல, பேசுனா கூட்டம் உடைஞ்சுரும்னு பயம். பயம் பொய்யில்ல, உடைஞ்சிருக்கும்தான். ஆனா பேசாம விட்டது அப்படியே இருந்துச்சு.

16 மார்ச்

நேத்து எழுதுனதுக்கு ரெண்டு பேர் "சாதியை ஏன் இழுக்கறீங்க, நல்லா போயிட்டு இருந்துச்சே"ன்னு. அதான் நான் சொன்னது.

18 மார்ச்

பீகார் பத்திச் சொன்னவருக்கு நன்றி, இது என் வாதத்துக்கு கொஞ்சம் இடிக்குது, அதனாலயே எழுதுறேன். அங்க 2006ல ஒம்பதாவது சேர்ற பொண்ணுங்களுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் குடுத்தாங்க. இயக்கம் கிடையாது, கலைக்குழு கிடையாது, வெறும் திட்டம். ஆனா ஹைஸ்கூல் சேர்ற பொண்ணுங்க எண்ணிக்கை 30 சதவீதம் கிட்ட கூடுச்சுன்னு ஆய்வு பண்ணி எழுதிருக்காங்க. அப்ப ஆள் சேக்காமலே நடக்கும்போல இருக்கே?

யோசிச்சுப் பாத்தா, ஒரு ஊர்ல ஒம்பதாவது படிக்கிற எல்லாப் பொண்ணுக்கும் ஒரே வருசம் சைக்கிள் வந்துருது, அதுங்க எல்லாம் ஒரே நேரத்துல ஒரே ரோட்டுல ஒண்ணா ஸ்கூலுக்குப் போகுதுங்க. கூட்டத்தை யாரும் சேக்கல, திட்டத்தோட அமைப்பே சேத்து விட்டுருச்சு. ஏழைப் பொண்ணுன்னு பாத்து ஊருக்கு ரெண்டு சைக்கிள் குடுத்துருந்தா அந்த ரெண்டு பொண்ணும் எங்க டீச்சரம்மா கதிதான். ஆக தம்பி சொன்னதுல பாதி சரி, திட்டமும் வேலை செய்யும். எல்லாருக்கும் குடுத்தா.

21 மார்ச்

நேத்து பட்ஜெட்ல செப்டம்பர்லேருந்து மாசம் 1,000 ரூபாய் உரிமைத் தொகைன்னு சொல்லிட்டாங்க, தகுதி உள்ளவங்களுக்கு மட்டும்னு ஒரு வாலும் இருக்கு. தகுதியை யார் முடிவு பண்ணப் போறாங்கன்னு இப்பவே தெருவுல பஞ்சாயத்து ஆரம்பிச்சாச்சு. எல்லாருக்கும் குடுக்குறது வேற, வடிகட்டிக் குடுக்குறது வேறன்னு மூணு நாள் முன்னாடிதான் எழுதுனேன்.

இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர் ஒரு பாப்பா கேட்டுருக்கு, "உங்களுக்கு சம்பளமே இல்லாம எப்படிக்கா செஞ்சீங்க"ன்னு. அதுக்கு மாசம் 1,000 ரூபாய் குடுக்கறாங்க, அதுவே கம்மிதான். சம்பளம் இல்லாம செஞ்சோம்னு பெருமையா சொல்ல எனக்கு இப்ப வாய் வரல கண்ணு. எங்களை வீட்டை விட்டு வெளிய விட்டதே அப்ப சம்பளம் மாதிரி இருந்துச்சு. அந்தக் கூலிக்கு இன்னைக்கு யாரும் வரமாட்டாங்க, வரவும் வேணாம்.

9 ஏப்ரல்

கொஞ்ச நாள் ஆளைக் காணோம்னு கேட்டவங்களுக்கு: சின்னம்மாவுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில இருந்தோம். குவாரித் தூசி, இத்தனை வருசம் கழிச்சு. இப்ப வீட்டுக்கு வந்துட்டாக. இந்தப் பேச்சை ஃபோன்ல படிச்சுக் காட்டுனேன், லாரிப் பலகை கதையில "ஒரு சாண் இல்லடி, ஒன்றரைச் சாண்"னு திருத்துனாக. திருத்தியாச்சு.

22 ஏப்ரல்

தம்பி திரும்ப வந்துருக்காரு. அவரு எழுதுனதை சுருக்கிச் சொல்றேன்: அவங்கம்மா தினம் காலையில வேலைக்குப் போற டவுன் பஸ்ஸு, ஸ்டாப்புல பொம்பளைங்க மட்டும் நின்னா நிறுத்தாம போகுதாம். ஒரு ஆம்பளை நின்னு கை காட்டுனா நிக்குதாம். அதனால ஸ்டாப்புக்குப் பக்கத்துல டீக்கடை வச்சுருக்குற அண்ணனைக் கூப்பிட்டு முன்னாடி நிக்க வைக்கிறாங்களாம். "ஃப்ரீ டிக்கெட்டுன்னு கேவலமா பாக்கறாங்க, என்ன பண்றது"ன்னு கேக்குறாரு.

மொதல்ல சிரிச்சேன், மன்னிச்சுக்கங்க தம்பி, டீக்கடை அண்ணனை நெனச்சு. அப்பறம் சிரிப்பு வரல.

2021 மே மாசம் கையெழுத்தான திட்டம் இது, பொம்பளைங்க ஏறுற டிக்கெட்டுக்கு அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குக் காசு குடுக்குது, யாரும் ஓசியில போகல. நிறுத்த மாட்டேன்னா அது அந்த டிரைவர் சொந்தமா போட்ட சட்டம். டிரைவர் மேல மட்டும் குத்தம் சொல்லவும் மனசு வரல, பழைய வண்டி, ஆள் நெரிசல், நேரத்துக்குப் போகலைன்னா அவருக்கு மெமோ. ஆனா ஆம்பளை கை காட்டுனா நிக்கிற வண்டிக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

23 ஏப்ரல்

என்ன செய்யலாம்னா.

உங்கம்மா தனியா போயி டெப்போல சொன்னா "எந்த வண்டி, எந்த நேரம், சாட்சி யாரு"ன்னு கேட்டு அனுப்பிருவாங்க. அந்த ஸ்டாப்புல தினம் நிக்கிறவங்க எத்தனை பேருன்னு மொதல்ல கேளுங்க. ஒரு நோட்டுல தேதி, நேரம், வண்டி நம்பர், நின்னுச்சா நிக்கலையா, ஒரு வாரத்துக்கு எழுதட்டும். எழுதுறதுல அவங்களுக்கு என்ன கஷ்டம், அறிவொளியில படிச்சவங்கதானே. காலனிப் பக்கத்து ஸ்டாப்புலயும் இதே கதைதான் இருக்கும், அங்க இன்னும் மோசமா இருக்கும், அவங்களையும் சேத்துக்கங்க. தனி நோட்டு போடாதீங்க, ஒரே நோட்டு.

மே 1 கிராம சபை இருக்கு. 501லேருந்து 3,000 பேர் வரைக்கும் இருக்குற ஊராட்சின்னா 100 பேர் வந்தாத்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும், பாதி ஊர்ல அந்த நூறே சேராம நோட்டை வீட்டு வீட்டுக்கு அனுப்பி கையெழுத்து வாங்குவாங்க. நீங்க நாப்பது பேரா போனா உங்களைக் கேக்காம தீர்மானம் எழுத முடியாது. தீர்மானத்தைப் படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடச் சொல்லுங்க, வெத்துத் தாள்ல வேணவே வேணாம். அந்த நகலை எடுத்துக்கிட்டு திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போங்க, ஒரு மனுவுக்கு நாப்பது கையெழுத்து, ரசீது வாங்காம திரும்பாதீங்க.

29 ஏப்ரல்

தம்பி கேட்டுருக்காரு, "அம்மா வர்றேன்னு சொல்லிட்டாங்க, ஆனா பேச மாட்டேங்குறாங்க, நான் பேசவா?"

வேணாம் தம்பி. நீங்க பேசுனா அது டீக்கடை அண்ணன் கை காட்டுன மாதிரிதான். நோட்டை எடுத்து ஒவ்வொருத்தரும் ரெண்டு ரெண்டு வரி படிக்கட்டும், தேதி, வண்டி நேரம், நிக்கல, அவ்வளவுதான், பேச்சே வேண்டியதில்ல. நீங்க அன்னைக்கு வீட்டுல இருந்து சோறாக்குங்க. நோட்டுல ரெண்டாவது பக்கம் வண்டி நம்பர் எழுதாம விட்டுருக்குன்னு போட்டோவுல பாத்தேன், அதை மட்டும் நாளைக்கு காலையில ஸ்டாப்புல கேட்டு நிரப்பிருங்க.